கொல்லிமலையின் மதிய இலையும் பிரேசிலின் கிழங்கும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாக நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலை, வல்வில் ஓரியின் நாடாகவும் சங்கப் புலவர்கள் பாடிய பலாவும் தேனும் தினையும் விளையும் குறிஞ்சி நிலமாகவும் தமிழ் வாசகருக்கு அறிமுகமானது. ஆயினும் இன்று அம்மலையின் சரிவுகளில் நடந்து செல்பவர் கண்ணில் பலாவுக்கும் மிளகுக்கும் இணையாகப் படும் பயிர்கள் இரண்டு, ஓரி அறிந்திராதவை: ஒன்று மரவள்ளி, மற்றொன்று அன்னாசி. இரண்டும் தென் அமெரிக்காவில், இன்றைய பிரேசிலையும் அதன் அண்டை நாடுகளையும் உள்ளடக்கிய நிலப்பகுதியில், பழங்குடி மக்கள் காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிராக்கியவை. பிரேசிலில் கூலித் தொழிலாளரும் அலுவலக ஊழியரும் நண்பகலில் கூடும் எளிய உணவகத்தில் மரவள்ளி ஏதேனும் ஒரு வடிவில் தட்டுக்கு வந்துவிடுகிறது; அதே கிழங்கு லாரி லாரியாக இறங்கும் கொல்லிமலையிலோ, மதிய உணவு இலையில் அது இடம்பெறுவது அரிது. ஒரே பயிர் இரண்டு நாடுகளில் இவ்வளவு வேறுபட்ட வாழ்வு பெற்றதன் காரணத்தைத் தேடுவோர் தாவரவியலைக் காட்டிலும் அடுக்களையின் வரலாற்றையே மிகுதியாக நாட வேண்டியிருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபின் தொடங்கும் மலைப்பாதை, 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சோளக்காட்டையும் அதற்கப்பால் மலையின் நடுநாயகமான செம்மேட்டையும் சேர்கிறது. கீழ்ப்பகுதியில் வறண்ட முட்காடும், மேலே ஏற ஏறச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியும், அம்மரங்களின் நிழலில் காப்பிச் செடியும், வாழையும், இடையிடையே அன்னாசியும் காணப்படும். சில்வர் ஓக் என்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட நெடுமரம். காப்பித் தோட்டக்காரர்கள் நிழலுக்காகவும் மிளகுக்குக் கொடிக்கால் மரமாகவும் அதனை நட்டார்கள். மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரெனக் கொள்ளலாகாது. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக இவர்களிடையே வாய்மொழி வரலாறு வழங்குகிறது, பேசுவதும் தமிழே. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என மலை பல ‘நாடு’களாகப் பகுக்கப்பட்டிருப்பது, சமவெளியில் ஏட்டளவில் மட்டுமே எஞ்சியுள்ள பழைய தமிழ் நிலப்பிரிவு இங்கு இன்னும் பேச்சில் உயிரோடிருப்பதைக் காட்டுகிறது.

செம்மேட்டிலும் சோளக்காட்டிலும், அரப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் செல்லும் வழியிலும் உள்ள சிறிய ஓட்டல்களும் ‘மெஸ்’ எனப்படும் குடும்ப உணவகங்களுமே பயணிகள் மதிய உணவுக்கு நம்பியிருக்கும் இடங்கள். தகரக் கூரையின் கீழ் இரண்டொரு மேசைகள், வாழையிலை, புழுங்கலரிசிச் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர், கேட்டால் நாட்டுக்கோழிக் குழம்பு என்ற வரிசை நாமக்கல் பேருந்து நிலையத்தருகே கிடைப்பதிலிருந்து பெரிதும் மாறுபடுவதில்லை. மலையின் தனித்தன்மை வெளிப்படுவது ரசத்திலும் கோழிக் குழம்பிலும் தாராளமாக விழும் மிளகிலும், உணவுக்கு முன்போ பின்போ சாலையோரத்தில் கிடைக்கும் முடவாட்டுக்கால் சூப்பிலும்தான். முடவாட்டுக்கால் என்பது பாறைகளிலும் மரத்தண்டுகளிலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு போன்ற தண்டு; பழுப்பு நிற ரோமம் அடர்ந்திருப்பதால் ஆட்டின் கால் போலவே தோன்றும். ரோமத்தோலைச் சீவி, உள்ளிருக்கும் பச்சை கலந்த வெள்ளைச் சதையைத் துண்டாக்கி இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைத்து வடிக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதென்பது மக்களின் நம்பிக்கை. இது பயிராக விளைவிக்கப்படாமல் காட்டிலிருந்தே எடுக்கப்படுவதால், வார இறுதிக் கூட்டம் பெருகப் பெருகப் பாறைகளில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்ற கவலையும் சூப்பின் மணத்தோடு சேர்ந்தே எழ வேண்டியதாகும்.

இலையில் வராதவை எவை என்று பார்ப்பது இன்னும் பயனுடையது. தாமே வகைவகையாகப் பெயரிட்டு மலையாளி மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த சாமையும் தினையும் கேழ்வரகும் பெரும்பாலான உணவகங்களின் அன்றாடச் சமையலில் இல்லை. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சில இடங்களில் கிடைக்கும். ‘குச்சிக்கிழங்கு’ என்று சேலம், நாமக்கல் வட்டாரத்தார் அழைக்கும் மரவள்ளி, அவித்த கிழங்காகவோ வறுத்த சிப்ஸாகவோ பேருந்து நிறுத்தத்தில் விற்கும், ஆனால் மதியச் சாப்பாட்டின் உறுப்பாக எண்ணப்படுவதில்லை. ஒரு மலையின் முந்தைய உணவும் இன்றைய முதன்மை விளைபொருள்களில் ஒன்றும் ஆகிய இரண்டுமே அம்மலையின் உணவகத்தில் இடம்பெறாமல் போனது எவ்வாறு என்பதே கொல்லிமலைப் பயணத்தில் எழ வேண்டிய முதன்மையான வினா.

ஒப்பீட்டுக்காகப் பிரேசிலின் எளிய உணவகத்தைக் கருதலாம். அங்கு நண்பகல் உணவே நாளின் பேருணவு. தெருமுனைக் கடைகளில் ‘பிராட்டோ ஃபெய்ட்டோ’ எனப்படும், சமையலறையிலேயே நிரப்பித் தரும் தட்டுச் சாப்பாடு கிடைக்கும். சோறு, அவரையினப் பயற்றுக் குழம்பு, ஒரு துண்டு இறைச்சி அல்லது பொரித்த முட்டை, சிறிது கீரை, மரவள்ளி மாவு என்பது அதன் பொதுவான அமைப்பு. ரியோ டி ஜெனிரோவில் பயறு கருநிறத்தது, சாவோ பாவ்லோவில் பழுப்பு வரியுடையது. 1980களில் பரவத் தொடங்கிய மற்றொரு வகை உணவகத்தில், வாடிக்கையாளர் நீண்ட மேசையில் வைக்கப்பட்டுள்ள பண்டங்களிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தராசில் தட்டை வைக்க, எடைக்கேற்பக் காசு கணக்கிடப்படும். எனவே இவற்றுக்குக் கிலோ உணவகங்கள் என்றே பெயர். தொழிலாளர் நண்பகலில் வெளியே உண்ணும் வழக்கத்துக்கு 1976ஆம் ஆண்டின் தொழிலாளர் உணவுத் திட்டச் சட்டமும் துணைநின்றது. ஊழியருக்கு உணவு வழங்கும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தந்த அத்திட்டத்தின் வழியே உணவுச் சீட்டுகள் பரவின.

இவ்வுணவகங்களின் மேசையில் நம்மூர் உப்புக் கிண்ணம்போல் நிலையாக இருப்பது ஃபரோஃபா என்னும் பண்டம். மரவள்ளியைத் துருவிப் பிழிந்து வறுத்தெடுத்த சொரசொரப்பான மாவுக்கு ஃபரீன்யா என்று பெயர்; அதை வெண்ணெயிலோ கொழுப்பிலோ வெங்காயம், பூண்டு, சிலவேளை முட்டை சேர்த்து மறுபடி வறுத்தால் ஃபரோஃபா. பயற்றுக் குழம்பின் மேல் அதைத் தூவும்போது மாவு சாற்றை உறிஞ்சி, மேற்பகுதி மொறுமொறுப்பாகவும் அடிப்பகுதி கூழாகவும் ஆகிறது. கறுப்புப் பயற்றைப் பன்றியின் பல்வேறு உறுப்புகளோடு நெடுநேரம் வேகவைத்த ஃபெய்ஜுவாடா என்னும் சிறப்புணவு, சாவோ பாவ்லோ உணவகங்களில் புதன், சனிக்கிழமைகளில் வழக்கமாகச் சமைக்கப்படுவது. அதுவும் ஃபரோஃபா இன்றிப் பரிமாறப்படுவதில்லை. வடகிழக்கு மாநிலங்களில், ஈரமான மரவள்ளி மாச்சத்தைச் சல்லடையில் சலித்துச் சூடான கல்லில் பரப்பினால், எண்ணெயோ புளிப்போ இன்றித் துகள்கள் தாமே ஒட்டிக்கொண்டு வெண்ணிற அடையாகின்றன. தேங்காய்த் துருவலையோ பாலாடைக்கட்டியையோ உள்ளே வைத்து மடித்துத் தருகிறார்கள். ஒரே கிழங்கு குழம்புக்குத் துணையாகவும் அடையாகவும் வறுவலாகவும் உருண்டை ரொட்டியாகவும் வருவதைக் காணும் தமிழருக்கு, அரிசி நம் அடுக்களையில் எடுக்கும் வடிவங்கள் நினைவுக்கு வருவது இயல்பு.

இக்கிழங்கின் இந்தியப் பயணமும் பிரேசிலின் எழுத்து வரலாறும் தொடக்கத்திலேயே பிணைந்தவை. பெட்ரோ ஆல்வாரெஸ் கப்ராலின் போர்ச்சுகீசியக் கப்பற்படை 1500 ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைக் கண்டது. அப்படையுடன் சென்ற எழுத்தர் பெரோ வாஸ் டி கமின்யா, மே முதல் நாளிட்டு மன்னருக்கு எழுதிய நெடுங்கடிதத்தில், அந்நாட்டு மக்கள் ஒருவகைக் கிழங்கை உண்டு நல்ல உடற்கட்டோடு வாழ்வதைக் குறிப்பிட்டார். அவர் வள்ளிக்கிழங்கு என எண்ணிக் குறித்தது மரவள்ளியே என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. கப்பற்படை அங்கிருந்து புறப்பட்டுக் கோழிக்கோட்டுக்குச் செப்டம்பரில் வந்தது. அங்கு மூண்ட கலவரத்தில் அவ்வாண்டு டிசம்பரில் கமின்யா உயிரிழந்தார். பிரேசிலைப் பற்றிய முதல் ஆவணத்தை எழுதிய மனிதர் மலையாளக் கரையில் மடிந்தார் என்ற செய்தி, இவ்விரு நிலங்களின் உறவு எவ்வளவு பழையது என்பதை எந்த விளக்கத்தைக் காட்டிலும் தெளிவாகச் சொல்கிறது. அதன்பின் போர்ச்சுகீசியக் கப்பல்களின் வழியே அன்னாசியும் முந்திரியும் மரவள்ளியும் இந்தியா வந்தன. அன்னாசி விரைவாகப் பரவி அக்பரின் அரசவை நூலான அயினி அக்பரியில் இடம்பெற்றுவிட்டது. மரவள்ளிக்கு நெடுங்காலம் மதிப்பில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்த பிறகே அங்கு அது ஏழைகளின் உணவாக வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியாற்றியதும் அதுவே.

எதிர்த்திசையிலும் பயிர்கள் சென்றன என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது முறையன்று. கொல்லிமலையின் பெருமைகளுள் ஒன்றான பலா, போர்ச்சுகீசியரால் பிரேசிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ரியோ நகரையொட்டிய திஜூக்கா காட்டில் இன்று உள்நாட்டு மரங்களை நெருக்கித் தள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டது. மிளகுக் கொடியை 1933இல் ஜப்பானியக் குடியேறிகள் சிங்கப்பூரிலிருந்து அமேசான் பகுதியிலுள்ள தொமே அசு என்னும் குடியிருப்புக்குக் கொண்டுசென்றார்கள். இன்று உலகச் சந்தையில் வியட்நாமுக்கு அடுத்து மிகுதியாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் பிரேசிலும் ஒன்று என்பதால், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையோடு நிற்கும் உழவரின் வருமானத்தில் அந்நாட்டின் விளைச்சலுக்கும் பங்குண்டு. பிரேசிலின் புகழ்பெற்ற இறைச்சிச் சுடுகடைகளில் ‘குப்பிம்’ என்று பரிமாறப்படும் திமில் இறைச்சிகூட, நெல்லூர், ஓங்கோல் வட்டார மாடுகளின் வழிவந்த நெலோர் போன்ற திமிலுள்ள இந்திய இனங்கள் அங்கு பெருகியதால் கிடைப்பதே.

சேலம் வட்டாரத்தில் மரவள்ளியின் தலையெழுத்தை மாற்றியது ஜவ்வரிசி. உண்மையான ஜவ்வரிசி மலேயத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து செய்யப்பட்டுச் சிங்கப்பூர் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அவ்வரத்து நின்றது. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் மாச்சத்துத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாச்சத்திலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சியைத் தொடங்கினார்கள். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, மாப்பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை எடுத்துத் துணித் தொட்டிலில் குலுக்கி மணிமணியாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பது அம்முறை. ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் வட்டாரங்களில் சேகோ ஆலைகள் பெருகின. ஆலை அதிபர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் பதிவாயிற்று. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. விளையும் ஜவ்வரிசியின் பெரும்பகுதி வடக்கே மகாராட்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு விரத நாள் உணவாகச் செல்கிறது. கொல்லிமலையில் பிடுங்கப்படும் கிழங்கு புனே நகரத்து வீடுகளில் ஏகாதசியன்று கிச்சடியாகிறது. பிடுங்கியவர் வீட்டில் அன்று உலையேறுவது நியாயவிலைக் கடை அரிசி.

மலையில் மரவள்ளி பரவிய காரணம் எளிதில் புரியக்கூடியது. கரணை எனப்படும் தண்டுத் துண்டை மழைக்காலத்தில் ஊன்றிவிட்டால், ஒன்பது பத்து மாதங்களில் நீர்ப்பாசனமின்றிக் கிழங்கு கிடைக்கும்; சாமையைப்போல் குருவி ஓட்டவோ, கதிரடிக்கவோ, உமி நீக்கவோ வேண்டியதில்லை; சாலைகள் ஏறிய பிறகு ஆலைக்கு ஏற்றிச் செல்ல வண்டியும் தோட்டத்தருகே வந்து நின்றது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் ரொக்கம் வேண்டியிருந்த குடும்பங்கள் அப்பயிரைத் தேர்ந்ததைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அப்பயிரின் உடலியல்பிலேயே உழவரைக் கட்டிப்போடும் ஒன்று இருக்கிறது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாள்களுக்குள் உள்ளே நீலக்கறுப்புக் கீறல் கண்டு கெடத் தொடங்குகிறது. விலை சரியில்லையெனில் வீட்டில் அடுக்கி வைத்துக் காத்திருக்க வழியில்லை. ஆலைகளோ கிழங்கிலுள்ள மாச்சத்தின் அளவைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கின்றன. மழைக்காலத்தில் பிடுங்கிய கிழங்கில் நீர் மிகுந்து பாயிண்ட் குறையும். பிடுங்கும் நாள், அளக்கும் கருவி, வண்டி வாடகை, இடைத்தரகர் ஆகியவற்றுள் எதுவும் விளைவித்தவர் கையில் இல்லாத நிலை இவ்வாறு உருவாகிறது. சரிவு நிலத்தில் செடிகள் இடைவெளி விட்டு நிற்பதாலும், கிழங்கெடுக்க மண்ணைக் கிளறுவதாலும் மேல்மண் மழையில் இறங்கிப்போவது வேறு இழப்பு.

அமேசான் பழங்குடியினர் இந்தக் கெடும் இயல்பை எதிர்கொண்ட விதமே அவர்களின் பெருஞ்சாதனை. மரவள்ளியின் சதையில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அதனோடு கிழங்கிலேயே உள்ள நொதி கலந்து சயனைடு வெளிப்படுகிறது. நச்சு குறைந்த வகைகளை அவித்தே உண்ணலாம்; மிகுந்த வகைகளுக்குப் பக்குவம் தேவை. அவர்கள் கிழங்கைத் துருவி, அந்த ஈரக்கூழைத் ‘திப்பித்தி’ என்னும் பின்னற்குழாயில் திணிக்கிறார்கள். ஏறத்தாழ ஆள் உயரமுள்ள இக்குழாய், பனைநாரினாலோ பிரம்பு போன்ற கொடித் தட்டைகளினாலோ சாய்வுப் பின்னலாக முடையப்பட்டது. மேல்முனையை உத்திரத்தில் மாட்டி, கீழ்முனை வளையத்தில் ஒரு கழியைச் செருகி, அதன் மேல் ஒருவர் அமர்ந்து இழுத்தால், குழாய் நீளும்போதே ஒடுங்கி உள்ளிருக்கும் கூழை நாற்புறமும் நெரிக்கிறது. பின்னல் இடுக்குகளில் மஞ்சள் சாறு வழிந்து கீழேயுள்ள கலத்தில் விழுகிறது. அச்சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் நச்சு நீங்கித் ‘துக்குப்பி’ என்னும் புளிப்புக் குழம்பாகிறது. சாற்றின் அடியில் படிந்த வெண்மாவு அடைக்காகிறது. குழாயில் எஞ்சிய சக்கையை அகன்ற கல்லில் துழாவித் துழாவி வறுத்தால் மாதக்கணக்கில் கெடாத ஃபரீன்யா கிடைக்கிறது. எளிய உணவகத்தின் மேசைமேல் இருக்கும் அக்கிண்ணத்து மாவு, உழவரைச் சந்தையின் அவசரத்திலிருந்து விடுவித்த ஒரு கண்டுபிடிப்பின் கடைசிக் கண்ணி.

கப்பலேறி இந்தியா வந்தது கரணை மட்டுமே; திப்பித்தி வரவில்லை, ஃபரீன்யா வரவில்லை. கேரள மக்கள் தாமாகவே ஒரு வழி கண்டார்கள். கிழங்கைத் துண்டாக்கி அரைவேக்காடு வேகவைத்து வெயிலில் உலர்த்திய வாட்டுக் கப்பை, மழைக்காலத்துக்கான சேமிப்பானது. மீன்குழம்போடு அவித்த கப்பை அங்குள்ள எளிய உணவகங்களின் அடையாளமாகவே ஆயிற்று. சேலம், நாமக்கல் பகுதியில் அவ்வாறான அடுக்களை மரபு வலுப்பெறுமுன் ஆலை வந்துவிட்டது. கிழங்கைக் காக்கும் அறிவு முழுவதும் ஆலையின் தொட்டியிலும் களத்திலும் குவிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச் 165, எச் 226 போன்ற உயர்விளைச்சல் வகைகளும் இப்பகுதியில் மாச்சத்துத் தேவைக்காகவே வேரூன்றின. கொல்லிமலை உழவர் பிரேசிலின் பயிரைப் பெற்றார், விளைந்ததைச் சேமித்து வைக்கும், அப்பயிரோடு பிறந்த உரிமையைப் பெறவில்லை என்பதே இக்கட்டுரை அழுத்திக் கூற விழைவது.

சிறுதானியத்தை விட்டதில் அவர் இழந்த உரிமை இதனினும் பெரிது. சாமையின் ஒவ்வொரு மணியும் பளபளப்பான கெட்டி உமிக்குள் அடங்கியது. கடுகினும் சற்றே பெரிய அம்மணியைப் பூச்சியும் ஈரமும் எளிதில் அணுகுவதில்லை. உமியோடு குதிரில் கொட்டிவைத்த சாமை ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால், மழை பொய்த்த ஆண்டிலும் வீட்டில் உணவிருந்தது, அடுத்த விதைப்புக்கு விதையிருந்தது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனச் சாமையிலும், செந்தினை, மூக்கன் தினை எனத் தினையிலும், சட்டைக் கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு எனக் கேழ்வரகிலும் மக்கள் வேறுபடுத்தி வைத்திருந்த வகைகள், குறுகிய வயது, நீண்ட வயது, மேட்டு நிலம், தாழ்நிலம் என ஒவ்வொரு சூழலுக்கும் ஒன்றாகப் பொருந்தியவை. ஆனால் காத்த அந்த உமியே பெண்களின் தோளை ஒடித்தது. வெயிலில் காயவைத்து, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி தேறும். அதுவும் வயல்வேலை முடிந்து வந்த பிறகு. நியாயவிலைக் கடையில் மலிவு விலைக்கும் 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தபோது, உலக்கையைக் கீழே வைத்தவர்களின் முடிவில் நியாயம் இருந்தது. சிறுதானியத்தின் பெருமையைப் பேசும் மேடைகள் பலவும் இந்த உழைப்பை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

அதை மறவாமல் பணியாற்றிய அமைப்பு, சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் கொல்லிமலையில் கால்பதித்த அந்நிறுவனம், ஊர்தோறும் விதை வங்கிகளை அமைத்ததோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மலைக்குக் கொண்டுவந்து மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. குழுக்கள் சாமை அரிசியையும் கேழ்வரகு மாவையும் பொட்டலமிட்டு விற்கக் கற்றன. விதையைக் காப்பதற்கும் உண்பதற்கும் இடையில் அறுந்துபோயிருந்த கண்ணி உமி நீக்கும் இயந்திரமே என்று கண்டுகொண்டது அப்பணியின் சிறப்பு. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கொல்லிமலை அனுபவம் எடுத்துக்காட்டாகப் பலவிடத்தும் பேசப்பட்டது. இருப்பினும் பொட்டலம் நகரத்துக்குச் செல்கிறது. செம்மேட்டு உணவகத்தின் உலையில் புழுங்கலரிசியே கொதிக்கிறது.

இதற்கிடையில் மரவள்ளியைத் தேடி அதன் தாயகத்துப் பகையும் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரவியது. குருத்து சுருங்கி இலைகள் கொத்தாகி, செடி வளராமல் நின்றுவிடும். இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவைத் தாக்கியபோது, அறிவியலாளர்கள் 1981இல் பராகுவேயில் அதன் இயற்கை எதிரியைக் கண்டெடுத்தார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு சிறு குளவி அது. ஆப்பிரிக்க நாடுகளின் உணவைக் காத்த அக்குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வளப் பணியகம் வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. கிழங்கு வந்து நூற்றாண்டுகள் கழிந்து பூச்சியும், பூச்சிக்குப் பின் குளவியும் வந்திருக்கின்றன. இன்னும் வராதது பிரேசில் சமையலறையின் அறிவு ஒன்றே. அது வருவதற்கு ஆராய்ச்சி நிலையத்தின் அனுமதி தேவையில்லை.

எளிய உணவகம் ஒன்றின் ஆற்றலைக் குறைத்து மதிப்பது தவறு. பிரேசிலில் ஒவ்வொரு நாளும் தட்டுதோறும் விழும் ஒரு கரண்டி மாவே, சிறு உழவர்களின் மாவுச்சாலைகளுக்கு நிலையான கொள்முதலாகிறது. அந்நாடு அதைத் தற்செயலுக்கு விடவுமில்லை: 2009இல் இயற்றப்பட்ட பள்ளி உணவுச் சட்டம், கூட்டாட்சி அரசு பள்ளி உணவுக்காகத் தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடமிருந்து வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. 1956இல் காமராசர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்தையும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் உடைய தமிழ்நாட்டுக்கு இது புரியாத செய்தியன்று. கொல்லிமலையின் பழங்குடியினர் உண்டுறைவிடப் பள்ளிகளில் வாரத்தில் சில நாள்களேனும் அம்மலையின் சாமையும் கேழ்வரகும் அவித்த கிழங்கும் அளிக்கப்படுமாயின், ஆலையின் பாயிண்டை மட்டுமே நோக்கியிருக்கும் உழவருக்கு மலையிலேயே இன்னொரு வாங்குநர் கிடைப்பார். உணவகங்கள் அதைப் பின்தொடர அதிக காலம் ஆகாது.

பயணிகளும் இதில் பங்குகொள்ள இயலும். ஆடிப் பதினெட்டையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாள்களில் மலையில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைப்பது கடினம். சாமையும் தினையும் அப்போது நிலத்தில் பச்சைப் பயிராகவே நிற்கும். மழைக்காலம் ஓய்ந்து அறுவடை முடிந்த மார்கழி, தை மாதங்களில் வந்து, முதல் நாள் மாலையே உணவகத்தாரிடம் ஆள்கணக்கைச் சொல்லி வைத்தால், புதிதாக உமி நீக்கிய சாமை அரிசியைத் தேடிப்பிடித்து வடித்துக் கொடுப்பவர்கள் செம்மேட்டுப் பகுதியில் இருக்கிறார்கள். சாமைச் சோறு அரிசிச் சோற்றைவிட விரைவில் வேகும், பொலபொலவென்று உதிரும், சூடு ஆறினால் இறுகும் என்பதால் இலையில் விழுந்தவுடன் உண்ண வேண்டும். கொள்ளுக் குழம்போ, மிளகு தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்போ அதற்கு ஏற்றது. அதனோடு மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, கடுகும் வரமிளகாயும் தாளித்த குச்சிக்கிழங்கையும் ஒரு கை கேட்டு வாங்கலாம்; கேட்பவர்கள் பெருகினால், கேளாமலே வைக்கும் வழக்கம் உணவகங்களில் தானே ஏற்படும்.